புட்டு மாவுப் பதம்

மார்ச் 6, சாம்பல் புதன்

காலைப் பூசைக்கு நான் மட்டும் போனேன். இவர் தோட்டத்தில் கரண்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணிலிருந்து வந்தவர்கள் மண்ணுக்குத்தான் போக வேண்டும் என்று நினைவூட்டினார். மண் என்றதும் எனக்குத் தோட்டத்து ஞாபகம் வந்துவிட்டது. ஆண்டவர் மன்னிக்க வேண்டும்.

இந்தத் தவக்காலத்துக்கு நான் எடுத்திருக்கும் ஒறுத்தல்: கறி, முட்டை கிடையாது. காப்பியில் சீனி கிடையாது. (இவருக்குச் சீனி வியாதி வந்து வருஷங்களாகிவிட்டன. அவருக்குத் தினமும் தவக்காலம்தான்.) யாரைப் பற்றியும் பொல்லாங்கு பேசுவதில்லை. எழுதுவதைப் பற்றி ஒன்றும் தீர்மானம் செய்யவில்லை.

பால் ஒன்றரை லிட்டர். மோட்டார் மூன்று மணி நேரம் ஓடியது. மேலத்தோட்டத்துக்குப் பாதி, நமக்குப் பாதி.

கிணறு ஒன்று, தோட்டம் இரண்டு. மேலத்தோட்டம் இவருடைய அண்ணனுக்கு, கீழத்தோட்டம் எங்களுக்கு. இரண்டிலும் பன்னீர் திராட்சைதான். அண்ணன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் ஊரில் இருந்தால் அதிகம். அதனால் மேலத்தோட்டத்துப் பந்தலையும் இவரே பார்க்கிறார். பார்க்கட்டும். அண்ணன் குடும்பம். ஆனால் அண்ணன் பொண்டாட்டி சலேத்து இருக்கிறாளே, அவளும் கூடவே நிற்கிறாள். எங்கள் தோட்டத்திலும் நிற்கிறாள்.

மார்ச் 9, சனி

மத்தியானம் கஞ்சி கொண்டு போனேன். பந்தலுக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். காய் கோலிக்குண்டு அளவுக்குப் பருத்து, கல்லாட்டம் பச்சையாகத் தொங்குகிறது.

தண்ணீர் விடும் நாளை இவர் காலண்டரில் பார்க்கிறவர் இல்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் பார்த்து வருவது இதுதான்: கொடிக்கு அடியில் முழங்கை ஆழம் தோண்டி, அடிமண்ணை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் இறுக்கி, விரலை விரிப்பார். உருண்டை நின்றால் வேரில் ஈரம் இருக்கிறது, பொறு. பொலபொலவென்று உதிர்ந்தால் மோட்டாரைப் போடு. மற்றவர்கள் வாரக் கணக்கில் பாய்ச்சிக் கிணற்றை வறட்டிக்கொண்டிருக்க, இவர் கையை நம்பி நாளைக் கடத்திக் கடத்திப் பாய்ச்சி, ஐப்பசிக்குப் பிறகு மழையே எட்டிப்பார்க்காத இந்த வருஷத்திலும் இரண்டு பந்தலையும் பச்சையாக வைத்திருக்கிறார். அந்தக் கைக்கு ஊரில் மரியாதை உண்டு.

இன்று நான் கண்டது: இவர் தோண்டினார். மண்ணை அள்ளினார். தன் கையில் இறுக்கவில்லை. சலேத்து கையை நீட்டினாள். இவர் அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் மூடினாள், திறந்தாள்.

"என்ன மதினி, நிக்குதா?"

"நிக்குது கொழுந்தனாரே. உங்க அண்ணன் வீட்டுல நிக்கிறதவிட நல்லாவே நிக்குது."

இவர் சிரித்தார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகிறது.

மதினியும் கொழுந்தனும் கேலி பேசுகிற முறைதான். இல்லை என்று யார் சொன்னது. நான் வந்த நாளிலிருந்து பேசுகிறாள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் கேலி பேச வாய் போதுமே, கை எதற்கு.

"வா அமலி, கஞ்சி சூடா இருக்கா?" என்றாள் என்னைப் பார்த்து.

"இவருக்கு மட்டுந்தான்க்கா கொண்டாந்தேன்," என்றேன். இது பொல்லாங்கு இல்லை, உள்ளதைச் சொன்னேன்.

மார்ச் 11, திங்கள்

தோட்டத்திலிருந்து ஒரு கால் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். "இன்னொண்ணு எங்க?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். கழன்று விழுந்ததே தெரியவில்லையாம். மனசு எங்கே கிடந்ததோ, செருப்பும் அங்கேதான் கிடந்திருக்கும்.

மார்ச் 13, புதன்

பொத்தான் வைத்த சட்டை இனி வேண்டாமாம். தலை வழியாகப் போடுகிற பனியன் சட்டை மூன்று வாங்கி வந்திருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வயதில் இளவட்டம் போல உடுப்பு. யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

பால் ஒன்றரை லிட்டர். கோழி முட்டை ஐந்து, எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 16, சனி

காலையில் புட்டு. மாவில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறிக்கொண்டிருந்தேன். புட்டுக்குப் பதம் கையில்தான் இருக்கிறது. பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் நெருடினால் உதிர வேண்டும். இதில் நான் ஒரு நாளும் தவறியதில்லை, மாமியார் உயிரோடு இருந்தபோது அவரே ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்.

சலேத்து தேங்காய்த் துருவி கேட்டு வந்தாள்.

"கொழுந்தனாருக்குப் புட்டா?"

"கம்பு மாவுதான்க்கா. அவருக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சாச் சரித்தான்," என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, கேட்காமல் கொள்ளாமல் மாவில் கையை விட்டு ஒரு பிடி பிடித்தாள். "இதே பதந்தான் அமலி. காய் கருப்பு ஏறுற நேரத்துல அடிமண்ணு இந்தப் பதத்துல இருந்தா தண்ணியக் கண்ணுல காட்டக்கூடாது. குடிச்ச வேகத்துல காய் வெடிச்சுரும். கொழுந்தனாரு சொல்லிக் குடுத்தது."

கொழுந்தனாரு சொல்லிக் குடுத்ததாம். எனக்கு அவர் சொல்லிக் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை, அது வேறு.

அவள் கை வைத்த மாவை, அவள் போன பிறகு கோழிக்குப் போட்டேன்.

மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள்

இவர் பெயர் கொண்ட திருநாள். பூசைக்குப் போய் வந்து, பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கச் சேமியா பாயசத்துக்குப் பால் வைத்தேன். பால் பொங்கி வந்தது. நான் பிடிதுணியைத் தேடுவதற்குள் இவர் எழுந்து போய், வெறுங்கையாலேயே சட்டியைத் தூக்கி இறக்கிவிட்டார். பதறாமல், தண்ணீர்ச் செம்பை எடுத்து வைப்பது போல.

"ஐயோ, சுடலையா?"

"சுடுற மாதிரி இல்லையே," என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

சாயங்காலம் பார்த்தால் விரல் நுனியெல்லாம் கொப்புளம். மருந்து தடவிவிட்டேன். அதையும் வேறு யாருடைய கையோ போல நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நினைப்பு இன்னொரு இடத்தில் இருக்கிறவருக்குச் சூடு எப்படித் தெரியும்.

சூசையப்பரிடம் ஒன்றே ஒன்று வேண்டிக்கொண்டேன். அதை எழுதவில்லை.

மார்ச் 25, திங்கள்

கேட்டேவிட்டேன்.

"ஏங்க, அந்த மண்ண உங்க கையிலயே புடிச்சுப் பாத்தா ஆகாதா?"

சோற்றைக் கிளறுவதை நிறுத்தினார். இப்போதெல்லாம் கரண்டியில்தான் சாப்பிடுகிறார், கையில் மருந்து என்று. "மதினி கை பக்குவமான கை."

"என் கை?"

"உனக்கு அடுப்பு வேலையே சரியா இருக்கு."

"ஒரு நாளாவது எங்கிட்டக் கேட்டீங்களா?"

கரண்டியைத் தட்டோரம் வைத்தார். பிறகு, "நீ எல்லாத்தையும் எழுதி வச்சிருவ அமலி," என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று விளங்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 28, வியாழன்

காய் கருப்பு ஏறிவிட்டது. பந்தலுக்குள் நுழைந்தால் பன்னீர் வாடை. வியாபாரி வந்து ஒரு குலையைத் தூக்கிப் பார்த்து, ஒரு காயைக் கடித்துத் துப்பினார்.

"பத்து நாள்ல வெட்டிரலாம்க்கா. அதுவரைக்கும் தண்ணி வேணாம். வெயில்ல காய் சுருங்குற மாதிரி இருந்தா மட்டும் லேசா நனைச்சு விடுங்க."

இந்த 'மாதிரி' எது என்பதில்தான் பிழைப்பே இருக்கிறது. சீக்கிரம் விட்டால் காய் வெடிக்கும். விடாமலே இருந்தால் வற்றி உலர்திராட்சையாகிவிடும். போன வெள்ளாமை ஐப்பசி மழையில் பூவிலேயே அழுகிவிட்டது. "இதுவும் போச்சுன்னா கல்லுக்காலப் புடுங்கிட்டு மக்காச்சோளம் போட்ருவேன்," என்று இவர் அப்போதே சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிறவர். பந்தலைத் தாங்கும் இந்தக் கல்லுக்கால்கள் ஊன்றிய வருஷம்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். மேலே கம்பி பின்னும்போது கீழே நின்று கம்பிச் சுருளைப் பிடித்துக்கொண்டது நான். அப்போது சலேத்து இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

மூன்று நாளாக அனல் காற்று. மத்தியானம் போனபோது மேற்கு ஓரத்து வரிசையில் சில காய்கள் தொட்டால் மெத்தென்று இருந்தன. இவர் குழி தோண்டி வைத்துவிட்டு நின்றார். சலேத்து மேலத்தோட்டத்திலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்வதற்கு முன்னால் நான் கையை நீட்டினேன்.

"என் கையில வைங்க."

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பயந்த மாதிரியும் இருந்தது, தலைச்சுமையை இறக்கி வைக்க இடம் கிடைத்த மாதிரியும் இருந்தது. வைத்தார்.

மண் குளிர்ச்சியாக இருந்தது. மூடினேன், திறந்தேன். காலையில் பிசிறிய புட்டு மாவு போலவே இருந்தது.

அதற்குள் சலேத்து வந்துவிட்டாள். குழிக்குள் கையை விட்டு, யாரும் வைக்காமலே தானாக ஒரு பிடி எடுத்தாள். "பொறுக்கலாம் கொழுந்தனாரே. இன்னும் நாலஞ்சு நாளு தாங்கும்."

"தாங்காது," என்றேன் நான். "உதிருது. காய் சுருங்குறது தெரியலையா?"

சலேத்து என் கையைப் பார்த்தாள். நான் மண்ணைத் தட்டிவிட்டிருந்தேன்.

"நல்லாப் பாத்தியா அமலி?"

"என் கை எனக்குத் தெரியாதாக்கா?"

இவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வாய்க்கால் மேட்டுக்குப் போய்க் கீழத்தோட்டத்து வால்வை மட்டும் திறந்தார். "எம்பொண்டாட்டி கை சொல்லிருச்சு மதினி," என்றார், கேலி மாதிரி. சலேத்து கேலி பேசவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

மோட்டார் மூன்று மணி நேரம், முழுதும் நமக்கே.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செபமாலை சொன்னேன். தவக்காலத்தில் நான் துக்க தேவரகசியம்தான் சொல்வது. இன்று சந்தோஷ தேவரகசியம்தான் வாயில் வந்தது.

ஏப்ரல் 2, செவ்வாய்

சாப்பிடும்போது அவராகவே சொன்னார்: "இனிமே நீயே வந்து பாரு. மதினிய எதுக்குத் தொந்தரவு பண்ணணும்." ஆண்டவருக்குத் தோத்திரம்.

ஏப்ரல் 4, வியாழன்

பந்தலுக்குள் தலையை நுழைக்கும்போதே புளித்த வாடை. கருத்த காய்கள் காம்போரம் வாய் பிளந்து கிடக்கின்றன. சாறு ஒழுகிக் கீழே இருக்கிற காய்மேல் வடிகிறது. குளவி, தேனீ, ஈ. ஒரு குலையில் ஒரு காய் வெடித்தால் போதும், மறுநாள் குலை முழுக்கப் பூசணம்.

இவர் நடு வரிசையில் நின்று மேலே பார்த்தபடியே இருந்தார். "காஞ்சு கெடந்ததுக்கு ஒரேயடியாக் குடிச்சிருச்சு," என்றார். கொஞ்சம் கழித்து, "என் கணக்குத் தப்பு," என்றார்.

நான் கீழே விழுந்த காய்களைப் பொறுக்கினேன். சொல்ல என்ன இருக்கிறது.

மேலத்தோட்டத்தில் ஒரு காய்கூட வெடிக்கவில்லை. போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தேடித் தேடிப் பார்த்தேன்.

ஏப்ரல் 6, சனி

வெடித்த காய்களைக் குலை குலையாக நறுக்கி எடுத்தோம். யாரும் கூப்பிடாமல் சலேத்து கத்தரியோடு வந்து எனக்கு அடுத்த வரிசையில் நின்றாள். இவருக்குக் கத்தரி விரலில் நிற்கவில்லை. இரண்டு தடவை நழுவவிட்டார், நல்ல காயையும் சேர்த்து நறுக்கினார். சலேத்து அவர் கையிலிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டு, "நீங்க கூடையத் தூக்குங்க, போதும்," என்றாள். சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல. அவரும் கேட்டார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் மெதுவாகக் கேட்டாள்: "அன்னைக்கு நெசமாவே உதிர்ந்துச்சா அமலி?"

அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலி. அதனால் பதில் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

மேலத்தோட்டத்தில் வெட்டு. பெட்டி பெட்டியாக அடுக்கினார்கள், பன்னீர் வாடை தெரு வரைக்கும். நமக்குப் பாதிப் பந்தல்கூடத் தேறவில்லை. வெடித்ததை வியாபாரி சாறு பிழிகிறவர்களுக்கு என்று வாரிக்கொண்டு போனார்.

கல்லுக்கால் பிடுங்க ஆள் சொல்லிவிட்டார். ஈஸ்டர் பாஸ்காவுக்கு மறுநாள் வருகிறார்களாம்.

"அம்புட்டு அவசரமா?" என்றேன்.

"கையில்லாம திராட்ச வைக்க முடியாது," என்றார். மனசு விட்டுப்போனால் மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

ஏப்ரல் 12, வெள்ளி

மலைக்கோவிலுக்குச் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைக்கும் வெறுங்காலோடு ஏறுவது எங்கள் ஊர் வழக்கம். இந்த வருஷம் சாமியார் வர நேரமாகி, பாறை கொதிக்கிற நேரத்தில்தான் ஏறினோம். ஒவ்வொரு நிலையிலும் சனங்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள், நிழல் கண்ட இடத்தில் ஒதுங்கினார்கள். இவர் ஒதுங்கவில்லை. மொட்டைப் பாறையில் நட்ட கல்லு போல நின்று செபம் சொன்னார்.

"ஒங்க வீட்டுக்காரரு பக்தியப் பாரு. மூஞ்சியக்கூடச் சுளிக்கல," என்றாள் எதிர்வீட்டுக்காரி. எனக்குப் பெருமையாக இருந்தது. தோட்டத்தில் போன மரியாதை மலையில் திரும்பியது போல.

ஆறாவது நிலையில் சலேத்து தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நனைத்து, பாறையில் விரித்தாள். "இதுல நில்லுங்க கொழுந்தனாரே." எல்லார் கண்ணுக்கும் முன்னால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டைச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்தேன்.

"ஒறுத்தல் பண்றவரக் கெடுக்காதீங்கக்கா."

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். இவர் பாறையிலேயே நின்றார்.

வீட்டுக்கு வந்து அவருக்கு மோர் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் சிமெண்டுத் தரையில் ஈரமாகக் கால் தடம். தண்ணீர் இல்லை. குனிந்து அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பாதத்திலும் தோல் வழன்று, சதை தெரிந்தது.

அவர் மோரைக் குடித்துக்கொண்டே, "என்ன அமலி, அப்பிடிப் பாக்குற?" என்றார்.

ஏப்ரல் 13, சனி

மடத்து ஆஸ்பத்திரி. சிஸ்டர் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, இவரைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் விரலைத் தொட்டு, "தெரியுதா?" என்றார். "எப்ப தொடுவீங்க?" என்றார் இவர். தொட்டுக்கொண்டுதான் இருந்தார் சிஸ்டர். ஒவ்வொரு விரலாக, உள்ளங்கை வரைக்கும். நான் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீனி முற்றி நரம்பைத் தின்றிருக்கிறதாம். முதலில் கால், அப்புறம் கை. போன இடம் திரும்பி வருவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். "இவ்ளோ நாளா வீட்டுல யாருமே கவனிக்கலையாம்மா?" என்று கேட்டார்.

செருப்பு. பொத்தான். பால் சட்டி. வரும் வழி முழுக்க ஆட்டோ குலுங்கியது.

அவரிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "சொன்னா நீ விடுவியா? மாத்திர எத்தன, சோறு எத்தனன்னு எழுதி வச்சு, என்னைய வீட்டுல உக்கார வச்சிருவ. தோட்டத்துக்குப் போகாம நான் என்ன மனுசன்?"

பால் கணக்கு எழுதவில்லை.

ஏப்ரல் 14, குருத்து ஞாயிறு

பூசை முடிந்து கோவில் வேப்பமரத்தடியில் சலேத்து குருத்தோலையைச் சிலுவையாக மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்க்கா?"

"தை மாசம். கொடி கட்டுறப்போ கம்பி உள்ளங்கையில குத்தி நிக்குது, ரத்தம் ஒழுகுது, இவரு பாட்டுக்கு எங்கிட்டக் கத பேசிக்கிட்டு நிக்கிறாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மாதா மேல சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்ன செய்ய? சாடையா எத்தன தடவ சொன்னேன். நீ என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்த அமலி. அவரப் பாக்கவேயில்ல."

மடித்து முடித்த சிலுவையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு நன்றாக மடிக்க வரும். எனக்கு எப்போதும் கோணலாகத்தான் வரும்.

அவர் என்னிடம் மறைத்தது வலித்தது. அவளிடம் மறைக்க முடியாமல் போனது அதைவிட வலித்தது. இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது.

ஏப்ரல் 17, புதன்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியாரிடம் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. செபம் எதுவும் அபராதமாகக் கொடுக்கவில்லை. "யாருகிட்டச் சொல்லணுமோ அவருகிட்டச் சொல்லும்மா," என்றார். பத்து செபமாலை என்றால் இன்றைக்கே முடித்திருப்பேன்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

சொல்லவில்லை.

ஏப்ரல் 20, சனி

இன்றும் இல்லை. பாஸ்காவுக்கு முறுக்கு சுட்டேன். இவருக்குத் தனியாக, எண்ணெயில்லாமல் அடை.

ஏப்ரல் 22, திங்கள்

கல்லுக்கால் பிடுங்க மூன்று பேர் கடப்பாரையோடு வந்து கிணற்று மேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட காலோடு, புதுச் செருப்பில், பின்பக்கம் வார் வைத்தது. கழன்று விழாது.

காய் வெட்டிய பந்தல் வெறுமையாக இருந்தது. வெட்டுக்குப் பிறகு நம் பக்கம் தண்ணீரே விடவில்லை. பிடுங்கப்போகிற கொடிக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். இலை ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. நான் மண்வெட்டியை எடுத்து முதல் வரிசையில் ஒரு கொடிக்கு அடியில் தோண்டினேன். எனக்குத் தோண்டி வழக்கமில்லை, நேரமானது. டீ குடித்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன பண்ற?" என்றார்.

"அன்னைக்கு என் கையில மண்ணு வச்சீங்கல்ல. அது உதிரல."

அவர் என் கையைப் பார்த்தார்.

"புட்டு மாவு மாதிரித்தான் இருந்துச்சு. அக்கா சொன்னதுதான் சரி. தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்."

கடப்பாரைக்காரர்களில் ஒருவர் பீடி பற்றவைத்தார். இவர் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் சந்தேகந்தான்," என்றார் கடைசியில். "மதினி இந்த ரெண்டு மாசமா ஒரு தடவகூடத் தப்பாச் சொன்னதில்ல."

"பெறகு ஏன் தொறந்தீங்க?"

"ரெண்டு கை நீட்டுச்சு. ஒண்ணத்தான எடுக்க முடியும்."

எனக்குத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவர் மெதுவாகக் குத்தவைத்து, குழிக்குள் கையை விட்டார். விரலுக்குத் தெரியாததால் கண்ணால் பார்த்துப் பார்த்து அள்ளினார். பாதி சிந்தியது. மீதியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப?"

மூடினேன். திறந்தேன். விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டியது.

"உதிருது."

என் முகத்தைப் பார்த்தார். நம்பட்டுமா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் கேட்டது மாதிரித்தான் இருந்தது. நியாயம்தான். நான் எழுந்து நின்று மேலத்தோட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"அக்கா, செத்த இங்கிட்டு வந்துட்டுப் போங்க."

அவளைத் தோட்டத்துக்குள் நானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. வந்தாள். என்ன ஏது என்று கேட்காமல் குழியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள், விரித்தாள்.

"சுத்தமா உதிருது கொழுந்தனாரே. ஒங்க பொண்டாட்டிக்குக் கண்ணு இல்லையா, கொடி சாகக் கெடக்கு."

"இப்பத்தான் தெரிஞ்சுச்சாம் மதினி," என்றார் இவர். அவள் சிரித்தாள். நானும் கொஞ்சம்.

அவர் கடப்பாரைக்காரர்களைப் பார்த்து, "வந்ததுக்குக் கூலி வாங்கிக்கிட்டுப் போங்கப்பா," என்றார். பிறகு என்னிடம், "வால்வ நீயே தொற," என்றார். இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் திருப்பினேன்.

மோட்டார் மூன்று மணி நேரம். மேலத்தோட்டத்துக்குப் பாதி, நமக்குப் பாதி. பால் ஒன்றரை லிட்டர். மாத்திரை கொடுத்தாயிற்று. இவர் கால், கை இரண்டையும் விளக்கடியில் வைத்து விரல் விரலாகப் பார்த்தேன், புதுக்காயம் இல்லை. நாளை மத்தியானம் கஞ்சி இரண்டு தூக்கில் கொண்டு போக வேண்டும், அவளுக்கும் சேர்த்து.

ஒன்று விட்டுப்போயிற்று. சலேத்து பார்த்த மண் அவளாகக் குழியிலிருந்து எடுத்தது. என் கையில் இருந்தது இவர் வைத்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.